இராமாயி அம்மாவின் காணிக் கோவை

இலஞ்ச ஒழிப்பு ஆணைக்குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்மொழி உத்தியோகத்தர்களுக்காக ஒரு சிறு கைநூல் தயாராகிறது. இலஞ்சம் வாங்குபவரைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கும் வேலைக்குப் போய்வந்த பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். தொலைபேசியில் பேசிய தம்பி, "வெற்றியா முடிஞ்ச ஒண்டை எழுதுங்கோ மிஸ், புதுப் பிள்ளையளுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார்.

வெற்றியாக முடிந்தவை உண்டு. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கக் கையூட்டுக் கேட்டவரைப் பிடித்திருக்கிறோம். சவத்தை ஒப்படைக்கவே காசு கேட்டவரைப் பிடித்திருக்கிறோம். அவற்றை மற்றவர்கள் எழுதுவார்கள். அந்தப் புதுப் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. அடுத்த திங்கட்கிழமை கொழும்புக்குப் போகிறாள். அவளுடைய உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைப்பதும் எடுத்துத் திரும்ப மடிப்பதுமாக இருக்கும் இந்த வாரத்தில் எனக்கு எழுத வருவது இது ஒன்றுதான்.

நான் ஸ்கந்தபுரத்தில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்துக் காணிக்கு வந்து வயல் செய்தவர்கள். போரில் இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்தபோது சிங்களம் பிடிபட்டது. படித்தது பாதி, அரிசிக்கும் போக்குவரத்து அனுமதிக்கும் வரிசையில் நின்று காதில் விழுந்தது மீதி. பரீட்சை எழுதி அரச மொழிபெயர்ப்பாளரானேன். சில ஆண்டுகளில் கொழும்பில் ஆணைக்குழுவோடு இணைத்தார்கள். வடக்கில் இருந்து வரும் முறைப்பாடுகளைச் சிங்களத்தில் எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் வேறு எவரும் இல்லாததால் பிறகு வெளி வேலைக்கும் அனுப்பினார்கள்.

அந்த வெளி வேலையைச் சொல்லவேண்டும். ஒருவர் இலஞ்சம் கேட்கிறார் என்று முறைப்பாடு வந்தால், முதலில் அது பழைய பகையா உண்மையா என்று பார்ப்பார்கள். உண்மை போலத் தெரிந்தால் கொழும்பில் இருந்து ஒரு குழு வான் வண்டியில் போகும். அந்த ஊர்ப் பொலிசுக்குக்கூடத் தெரியாது. முறைப்பாட்டாளரை அவருடைய ஊருக்கு வெளியே எங்கேயாவது சந்திப்போம். கொடுக்கப் போகும் பொருளின் அடையாளங்களை எழுதிக்கொள்வோம். பிறகு குழுவில் ஒருவர் முறைப்பாட்டாளரின் உறவினர் போலக் கூடப் போவார். அவர் அங்கே செய்யவேண்டியது ஒன்றுதான்: கேட்பது. அவருடைய காதில் விழுந்த சொல்தான் நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சி. இலஞ்சம் வாங்குவதும் குற்றம், கேட்பதும் குற்றம். ஆனால் இப்படிப் பொறிவைத்துப் பிடிக்கும்போது, எதற்காக வாங்குகிறார் என்பது அவர் வாயால் வரவேண்டும். வராவிட்டால், சும்மா இருந்த மனிதரை நாங்களே ஆசைகாட்டி விழுத்தினோம் என்று அவருடைய சட்டத்தரணி சொல்லிவிடுவார். அதனால் முறைப்பாட்டாளருக்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, அவர் கேட்கும்வரை கொடுக்கக் கூடாது என்பதுதான்.

எங்கள் குழுவின் பொறுப்பதிகாரி ரத்நாயக்க சேர். மெலிந்த மனிதர், தமிழ் தெரியாதவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வாக்குமூலத்தில் 'அதாவது' என்ற சொல் வந்தால் பேனையை மூடிவிடுவார். "எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். காதில் விழுந்த சத்தத்தை, விழுந்த ஒழுங்கில் சொல்" என்பார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்வார். முதலில் எனக்கு இது சிறுபிள்ளை விளையாட்டுப் போல இருந்தது. சில வழக்குகளுக்குப் பிறகு, கண்ணை மூடினால்தான் நான் ஊகித்ததும் அவர் சொன்னதும் தனித்தனியாகப் பிரிகின்றன என்று விளங்கியது. தமிழர் ஒருவர் பேசி நான் மொழிபெயர்க்கும்போது அவர் என்னைப் பார்க்கமாட்டார். பேசியவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இராமாயி அம்மாவின் முறைப்பாடு கடிதமாக வந்தது. வேறொருவர் எழுதிக் கொடுத்தது. கீழே அவருடைய பெருவிரல் அடையாளம். கண்டாவளைப் பக்கம், முக்கால் ஏக்கர். மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். கலவரத்தில் அடிபட்டுக் கணவரோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார். கணவர் போரின் கடைசி இடப்பெயர்வில் இறந்துபோனார். ஒரே மகன் மோகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தான். காணிக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தால் மகன் வந்துவிடுவான், கிணறு வெட்டி மிளகாய் போடுவான் என்பது அவருடைய கணக்கு. பத்திரம் இல்லாத நிலத்தில் கிணறு வெட்டக் கடனும் இல்லை, மானியமும் இல்லை. காணிப் பகுதி உத்தியோகத்தர் ஒருவர் இந்த அம்மாவின் விண்ணப்பத் தாள்கள் அடங்கிய கோவையை வைத்துக்கொண்டு இழுத்தடித்தார். கடைசியில் ஒருநாள் பிரதேச செயலகக் கந்தோரில் வைத்து, வீட்டில் நிற்கும் கறவைப் பசுவையும் கன்றையும் கொடுத்தால் வேலை முடியும் என்று கேட்டாராம். அதைக் கேட்ட இன்னொரு காது இல்லை. காணியைப் பார்வையிட வரும் நாளில் மாட்டையும் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார்.

கிளிநொச்சிக்கு வெளியே பூட்டிக் கிடந்த ஒரு நெற்களஞ்சியத்தில் அவரைச் சந்தித்தோம். நான் மருமகள், மோகன் கொழும்பில் கட்டிக்கொண்டவள் என்று முடிவாயிற்று. இராமாயி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மருமவளுக்கு மாடு கறக்க வருமா?"

"வயல் வீட்டுப் பிள்ளை நான், கறப்பன்" என்றேன்.

"அப்ப சரி. சீதனம் கேக்க மாட்டேன்."

ரத்நாயக்க சேர் ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டு, மொழிபெயர்த்த பிறகு அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு விதியைச் சொல்லச் சொன்னார். அந்த உத்தியோகத்தர் தானாகக் கேட்கும்வரை மாட்டுக் கயிற்றில் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன்.

இராமாயி அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். பிறகு நீளமாகப் பேசினார். "வீட்டு வாசலுக்கு வந்த மனுசன வாயத் தொறந்து கேக்க வைக்கிறதாம்மா? அது பிச்சைக்காரனாக்கிற மாதிரி இல்லியா? தோட்டத்தில கங்காணி வந்தாலும் சரி, களவாணி வந்தாலும் சரி, எங்க வீட்டுல கேக்க விட்டதில்ல. எங்க வீட்டுக்காரரு இருந்தா இதுக்கு அடிப்பாரு. எனக்கு அது முடியுமான்னு தெரியலையே. சரி, நீங்க சொல்றீங்க, பாக்குறேன்."

நேரமாகிவிட்டது. வான் சாரதி அவசரப்படுத்தினார். நான் ரத்நாயக்க சேரிடம், "விளங்கியதாம் சேர், சம்மதிக்கிறார்" என்றேன்.

அவர் இராமாயி அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நேரம் பேசினாரே. சொன்னது அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சேர்" என்றேன்.

இதை இன்றுவரை நான் எவருக்கும் சொன்னதில்லை. அறிக்கையிலும் இல்லை.

பார்வையிடும் நாளில் காலையிலேயே போனோம். பசுவின் காதுப் பட்டி இலக்கம், இடது தொடையில் சுட்ட குறி, நெற்றி வெள்ளை எல்லாவற்றையும் எழுதிப் படம் எடுத்தாயிற்று. இரண்டு பேர் வீதியில் வானுக்குச் சில்லு மாற்றுவது போல இருந்தார்கள். ரத்நாயக்க சேரும் குழுவின் பொலிஸ் சார்ஜன்டும் பின்வளவு வேலிக்கு அப்பால் நின்றார்கள். கொடியில் ஒரு சிவப்புத் துவாய் காய்ந்தது. நான் அதை எடுத்தால் அவர்கள் வருவார்கள்.

உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் மாடு ஏற்றக்கூடிய பெட்டி கொழுவிய உழவு மெசின் ஒன்று வந்து ஒழுங்கையில் நின்றது. அவர் என்னைக் கண்டதும் நின்றார்.

"இது ஆர்?"

"மருமவங்க ஐயா. மகன் பொண்டாட்டி."

"எந்த ஊர் பிள்ளை?"

"ஸ்கந்தபுரம்" என்றேன்.

யாழ்ப்பாணத்து வீட்டுப் பெண் தோட்டத்து ஆட்களுக்கு மருமகளா என்று அவர் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. இராமாயி அம்மாவைப் பார்த்து, "எங்கட பக்கத்துப் பெட்டையை உன்ரை மோன் என்னெண்டு மடக்கினவன்?" என்றார்.

"அவன் எங்கங்க மடக்கினான். அவன் பாட்டுக்குக் கடையில நின்னான். இவதான் சாமான் வாங்குற சாட்டில தெனம் வந்திருக்கா."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிரிப்பும் வந்தது. என்னை 'பிள்ளை' என்றவர், தன் தாயின் வயதில் இருந்தவரை 'உன்ரை' என்றது அடியில் உறுத்தியது. எங்கள் வீட்டிலும் வயல் வேலைக்கு வந்தவர்களை அப்படித்தான் அழைத்தோம் என்பதும் அப்போதுதான் நினைவில் வந்தது.

அவர் நாடாப் பிடித்து அளந்தார். கோவையில் குறித்தார். வேப்ப மரத்தடியில் கதிரை போட்டுக் கொடுத்தோம். தேத்தண்ணி குடித்துக்கொண்டு பசுவைப் பார்த்தார்.

"எத்தினை லீற்றர் கறக்கும்?"

"காலையில அஞ்சு வருமுங்க."

"கண்டு நாம்பனோ, நாகோ?"

"பொட்டக் கண்ணுதான், நாகுங்க."

"நல்லது" என்றார். இது கேட்பது ஆகாது. எந்தச் சந்தைக்காரரும் இப்படி விசாரிக்கலாம்.

எனக்குச் சொல்லித் தந்திருந்த வசனத்தைச் சொன்னேன். "ஐயா, எங்கட பத்திரம் எப்ப கிடைக்கும்?"

"அதுக்கு மேல இருக்கிறவையும் பாக்கவேணும் பிள்ளை. எண்டாலும் நான் எழுதிறதிலதான் எல்லாம் இருக்கு."

"நாங்கள் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ."

அவர் கோப்பையை நிலத்தில் வைத்தார். ஒழுங்கையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். என் பக்கம் குனிந்தார். அவர் வாய் திறந்ததை நான் கண்டேன்.

அந்த நேரத்தில் இராமாயி அம்மா எழும்பினார். கட்டையில் இருந்து கயிற்றை அவிழ்த்து, பசுவை இழுத்துக்கொண்டு வந்து, கயிற்றை அவருடைய கையில் வைத்தார்.

"ஐயா கேக்க வேணாமுங்க. கொண்டு போங்க."

அவர் கயிற்றைப் பிடித்தார். வேறொன்றும் சொல்லவில்லை. உழவு மெசின்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கன்று பசுவின் பின்னால் தானாகப் போனது. நான் துவாயை எடுப்பதா விடுவதா என்று நின்றேன். கேட்டதும் வாங்கியதும் இரண்டும் நடந்தால்தான் எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் மாடு போய்விடும். எடுத்தேன்.

ரத்நாயக்க சேர் தன்னை அறிமுகப்படுத்தியபோது அந்த மனிதர் கயிற்றைக் கீழே போட்டார். ஆனால் பேச்சுத் தடுமாறவில்லை. "நான் விலைக்கு வாங்க வந்தனான். வேணுமெண்டால் அவவையே கேளுங்கோ, நான் வாய் திறந்து ஏதும் கேட்டனானோ எண்டு."

ரத்நாயக்க சேர் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

"இன்னிக்குக் கேக்கலீங்க" என்றார் இராமாயி அம்மா. "போன மாசம் கந்தோர்ல கேட்டாரு. இன்னிக்கு நான்தான் குடுத்தேன்." பிறகு என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "முடியலம்மா. அவரு குனிஞ்சதப் பாக்க முடியல" என்றார்.

அன்று பின்னேரம் கிளிநொச்சியில் ஓர் அறையில் என் வாக்குமூலத்தை எழுதினார்கள். சார்ஜன்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிங்களத்தில், "ஒரு வசனம்தானே மிஸ். 'மாட்டைத் தாங்கோ, முடிச்சுத் தாறன்' என்று அவர் சொன்னதாகச் சொன்னால் ஓர் ஏழை அம்மா தப்புவார். அவர் அதைத்தானே சொல்ல வந்தார்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் அந்த மனுசியைப் பிடித்திருந்தது. நானும் அதை யோசித்தேன். யோசிக்கவில்லை என்றால் பொய்.

ரத்நாயக்க சேர் வந்து எதிரில் இருந்தார். "கண்ணை மூடு" என்றார். மூடினேன். நாகுங்க, நல்லது, நான் எழுதிறதிலதான், என்ன செய்யவேணும், கோப்பை நிலத்தில் பட்ட சத்தம், கேக்க வேணாமுங்க. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதியதை வாசித்துக் காட்டினார்.

"இதில் அவர் கேட்ட இடம் எது?"

"இல்லை சேர்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சேர். கேட்கவில்லை."

"சரி. இப்படியே கையெழுத்து வை" என்றார். ஏசவில்லை. களஞ்சியத்தில் அந்த அம்மா நீளமாகப் பேசியது என்ன என்று அவர் அப்போது திரும்பக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எல்லாரும் இராமாயி அம்மாவின் தவறைப் பற்றித்தான் பேசினோம். அதைவிடப் பெரிய தவறு நான் தட்டச்சுச் செய்த சான்றுப்பொருள் பட்டியலில் ஒரு வரியாக இருந்தது: பசு ஒன்று, கன்று ஒன்று, கயிறு ஒன்று, காணிக் கோவை ஒன்று. பசுவையும் கன்றையும் விசாரணை முடியும்வரை விற்கவோ வேறெவருக்கும் கொடுக்கவோ மாட்டேன் என்று பெருவிரல் அடையாளம் வாங்கி அவரிடமே விட்டோம். கோவையை வானில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனோம். அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றைப் பிரதேச செயலகத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். விதியில் இடம் இருந்தது. எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு நடந்தது நீளமான கதை, ஆனால் சொல்ல அதிகம் இல்லை. சட்டப் பிரிவு சாட்சியம் போதாது என்று எழுதவே வருடங்கள் எடுத்தது. அந்த உத்தியோகத்தர் வேறு மாவட்டத்துக்கு இடமாற்றமாகிப் போனார். இராமாயி அம்மா செயலகத்துக்குப் போகும்போதெல்லாம், "உங்கட கோவை கொழும்பில அம்மா, அது வராமல் நாங்கள் ஒண்டும் செய்யேலாது" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் அல்ல. அவர் எனக்குத் தொலைபேசி எடுப்பார்.

"மருமவளே, நம்ம பைலு எப்ப வரும்?"

"வரும் அம்மா. எழுதியிருக்கிறன்."

எழுதித்தான் இருந்தேன். என் மேசைக்கு இரண்டு மாடி மேலே பதிவறையில் அந்தக் கோவை இருந்தது. வழக்கு மூடப்படாமல் சான்றுப்பொருளை விடுவிக்க முடியாது என்று பதில் வரும். ரத்நாயக்க சேர் ஓய்வு பெற்றார். அடுத்தவர் வந்து முதலில் இருந்து கேட்டார். இடையில் வீட்டுத்திட்டம் வந்தது. பத்திரம் உள்ளவர்களுக்குத்தான் வீடு. இராமாயி அம்மாவின் தகரக் கொட்டிலுக்கு இரண்டு பக்கமும் கல்வீடு எழும்பியது. ஒருமுறை நெஞ்சு நோவென்று வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தபோது, பசுவை விற்கலாமா என்று கேட்டார். அனுமதிக் கடிதம் வாங்கி அனுப்ப எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் பசு கிழடாகிவிட்டது என்று வியாபாரி எடுக்கவில்லையாம். இதையும் அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. "அதுவும் நானும் ஒண்ணாக் கெடக்கிறோம்" என்றார்.

வழக்கு மூடப்பட்டு, கோவையை நானே பொதிசெய்து பதிவுத் தபாலில் அனுப்பியபோது நான் ஓய்வுக்கு எழுதிக்கொடுத்திருந்தேன். முன்கூட்டிய ஓய்வு. பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்று காரணம் எழுதினேன். அந்தப் பிள்ளைதான் இப்போது அதே வேலைக்குப் போகிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல நினைத்த நாள்கள் உண்டு. புதிய சட்டம் வந்திருக்கிறது, முறைப்பாடு செய்பவரைப் பாதுகாக்க ஏற்பாடு இருக்கிறது என்று அவள் எனக்கு விளக்குகிறாள். நல்லதுதான். அவளிடமும் கூட வேலை செய்யப்போகும் பிள்ளைகளிடமும் நான் கேட்பது இரண்டு. முறைப்பாட்டாளர் தயங்கிப் பேசினால் அந்தத் தயக்கத்தையும் மேலதிகாரிக்குச் சொல்லுங்கள். வானில் ஆட்கள் காத்திருந்தாலும் சொல்லுங்கள். ஒருவருடைய கோவையை எடுத்தால் அதன் பிரதியை அந்தக் கந்தோரில் வைத்துவிட்டு எடுங்கள்.

கோவை வந்து சேர்ந்த பிறகு காணிக் கச்சேரிக்கு நாள் வைத்தார்கள். விண்ணப்பித்தவர்களைக் கூப்பிட்டு நேரில் விசாரித்துக் காணியை முடிவுசெய்யும் நாள் அது. இராமாயி அம்மா அதற்கு ஏழு கிழமைக்கு முன் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு எனக்குச் சொல்ல எவரும் இல்லை. கச்சேரிக்கு அவரோடு போவதற்காக எடுத்த தொலைபேசி அழைப்பில்தான் மோகன் சொன்னான்.

கச்சேரியன்று நானும் போனேன். மண்டபத்தில் பெயர் கூப்பிட்டார்கள். மோகன் எழுந்து இறப்புச் சான்றிதழை நீட்டினான். மேசையில் இருந்த இளம் உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பேசினார். கோவையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"அம்மாவுக்குப் பத்திரம் இருந்திருந்தால் பின்னுரித்தில உங்களுக்கு மாத்தலாம் தம்பி. இது விண்ணப்பம் மட்டும்தானே. ஆளோட முடிஞ்சுது. நீங்கள் உங்கட பேரில புதுசா விண்ணப்பிக்கவேணும். ஆனால் காணியில குடியிருக்கவேணும். நீங்கள் இப்ப இருக்கிறது எங்க?"

"கொழும்புலங்க. பிள்ளைங்க அங்க படிக்குதுங்க."

உத்தியோகத்தர் ஏதோ எழுதி, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வெயில். மோகன் கொட்டிலின் சாமான்களை அயலாருக்குக் கொடுத்துவிட்டதாகவும், பின்னேரப் பஸ்ஸில் போவதாகவும் சொன்னான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் அவனை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அம்மா என்னை மருமகள் என்றுதான் கடைசிவரை சொன்னதாகச் சொன்னான். அவனுடைய மனைவிக்கு அதில் கோபமாம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தான்.

பிறகு, "ஒண்ணு கேக்கலாமுங்களா மிஸ்?" என்றான்.

"கேளுங்கோ."

"அன்னைக்கு நீங்கெல்லாம் வராம இருந்திருந்தா, அம்மா பாட்டுக்கு மாட்டக் குடுத்திருப்பாங்க. பத்திரம் கெடைச்சிருக்குமில்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். சட்டத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த மனிதர் அடுத்த வீட்டிலும் ஒரு மாட்டைக் கேட்டிருப்பார் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அவன் கேட்டது அது அல்ல.

"ஓம் தம்பி," என்றேன். "கிடைச்சிருக்கும்."

அவன் தலையாட்டினான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தான்.